காந்தள் விதையின் இரு மருந்துகள்: தசைத்தளர்த்தியும் மத்தியதரைக்கடல் காய்ச்சலும்

கழுத்துப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு என்று மருத்துவரிடம் போய் வந்தவர் கையில் இருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் இரண்டு மூன்று பெயர்கள் தெரியும். ஒன்று அசிக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணியாக இருக்கும். பல அட்டைகளில் அதனுடன் தயோகோல்ச்சிகோசைடு என்ற பெயரும் 4 அல்லது 8 மில்லிகிராம் என்ற அளவும் அச்சிடப்பட்டிருக்கும். இறுகிய தசையைத் தளர்த்துவது இரண்டாவது மருந்தின் வேலை. அதன் பெயருக்குள்ளேயே அதன் குலமும் இருக்கிறது. கோல்ச்சிசின் என்ற பழைய நஞ்சின், பழைய மருந்தின், நெருங்கிய உறவு அது. கோல்ச்சிசினோ, மத்தியதரைக்கடலைச் சூழ்ந்து வாழும் மக்களிடம் தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் ஓர் அழற்சி நோயிலிருந்து அவர்களின் சிறுநீரகங்களைக் காத்துவரும் மருந்து.

இந்த உறவைக் கண்டவுடன் எழும் கேள்வி இயல்பானது. கோல்ச்சிசின் அடக்கும் நோயை அதன் உறவான தசைத்தளர்த்தியும் அடக்குமா? அடக்கக்கூடும் என்று எண்ண வேதியியல் இடம் தருகிறது. ஆனால் எந்தப் பண்பு அந்த நம்பிக்கையைத் தருகிறதோ, அதே பண்புதான் அந்த மருந்தை ஒருவர் ஆயுள் முழுவதும் உண்ணக் கூடாது என்பதற்கும் காரணமாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரே குலத்து மூலக்கூறுகள் இரண்டின் மீது மருத்துவ உலகம் நேரெதிரான தீர்ப்புகளை வழங்கியிருப்பதும், அத்தீர்ப்புகள் இரண்டுமே சரியாக இருப்பதும் இங்கே ஆராயத் தக்கவை.

வயலும் மூலக்கூறும்

திருப்பூர் மாவட்டத்து மூலனூர், கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சி, திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் ஆகிய பகுதிகளில் செங்காந்தள் பணப்பயிர். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. சங்கப் புலவர்கள் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்ன பூவை உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்கிறார்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்ற நம்பிக்கையால் வந்த பெயர் அது. ஏர் போல வளைந்த கிழங்கைக் கண்டவர்கள் கலப்பைக்கிழங்கு என்றார்கள். கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைப்பூ.

பந்தலில் ஏறிப் படர்ந்த கொடியில் மலர் கவிழ்ந்து தொங்கும். ஆறு இதழ்களும் நெருப்பு நாக்குகள் போல மேல்நோக்கி மடங்கியிருக்கும். ஆறு மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விரிந்து நிற்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே முறித்து வைத்தாற்போல ஒரு பக்கமாகச் செங்கோணத்தில் திரும்பிவிடும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழாதபடி அமைந்த உறுப்பு அது. அதனால்தான் காலை வேளையில் ஆட்கள் பூவுக்குப் பூ போய்க் கையாலேயே மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். தொட்ட பூ காயாகும். தொடாத பூக்களில் பல உதிரும். ஒவ்வொரு காயின் பின்னாலும் ஒரு விரல் இருக்கிறது. அந்த விதைகள் காய்ந்து, மூட்டையாகி, மருந்து மூலப்பொருளாக உள்நாட்டு ஆலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகின்றன.

கோல்ச்சிசினை 1820இல் பிரான்சின் பெல்லெத்தியேவும் காவந்துவும் பிரித்தெடுத்தது காந்தளிலிருந்து அன்று. ஐரோப்பாவின் கோல்ச்சிகம் செடியிலிருந்து. அதே பொருள் காந்தள் கிழங்கிலும் இருப்பதை 1915இல் க்ளூவர், கிரீன், டூட்டின் ஆகிய மூவர் காட்டினார்கள். காந்தள் விதையில் கோல்ச்சிசினுடன் கோல்ச்சிகோசைடு என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. கோல்ச்சிசினின் முதல் வளையத்தில் மூன்றாம் இடத்து மீத்தைல் தொகுதிக்குப் பதிலாக ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருந்தால் அது கோல்ச்சிகோசைடு. அதன் மூன்றாம் வளையத்தில் ஓர் ஆக்சிசனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்தால் தயோகோல்ச்சிகோசைடு. பிரெஞ்சு மருந்து வேதியியலாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்த மாற்றம் இது. ஒரு சர்க்கரை, ஒரு கந்தகம்: இரு மருந்துகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு இவ்வளவுதான். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் அந்தச் சர்க்கரையைச் சுற்றித்தான் நகரும்.

கிழங்கின் நஞ்சைப் பற்றி முதலில் ஒரு சொல். வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டவர்கள் தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கும் இலங்கை மருத்துவமனைகளுக்கும் வந்ததுண்டு. முதல் நாள் கடும் வாந்தியும் பேதியும். அடுத்த நாட்களில் இரத்த அணுக்கள் குறையத் தொடங்கும். பிழைத்துக்கொண்டவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். குடல் உட்சுவர், எலும்பு மச்சை, முடியின் வேர் ஆகிய மூன்று இடங்களுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அங்கே உயிரணுக்கள் ஓயாமல் பிளந்துகொண்டே இருக்கின்றன. இந்த நஞ்சு எதைத் தாக்குகிறது என்பதை நோயாளியின் தலையணையே சொல்லிவிடுகிறது.

தாவரவியலாளர்கள் இதை 1937 முதல் பயன்படுத்தி வந்தார்கள். கோல்ச்சிசின் தடவிய ஊமத்தைச் செடியில் குரோமோசோம்கள் இரட்டிப்பதைப் பிளேக்ஸ்லீ காட்டியது அந்த ஆண்டில். குரோமோசோம்கள் பிரிந்தும் உயிரணு பிளக்காமல் நின்றுவிடுவதால் நேரும் விளைவு அது. எதைப் பற்றிக்கொண்டு இந்தப் பொருள் பிளவைத் தடுக்கிறது என்பதற்கு 1967இல் போரிசியும் டெய்லரும் விடை கண்டார்கள். கோல்ச்சிசினைக் கவ்விப் பிடிக்கும் ஒரு புரதம் உயிரணுவுக்குள் இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு டியூபுலின் என்ற பெயர் கிடைத்தது. டியூபுலின் அலகுகள் செங்கல் மேல் செங்கலாக அடுக்கி நுண்குழல்களைக் கட்டுகின்றன. அந்த நுண்குழல்களே பிளவின்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் வடங்கள். கோல்ச்சிசின் ஒட்டிய செங்கல் மேல் அடுத்த செங்கல் ஏறாது.

ஒரு காய்ச்சலின் கதை

இனி மத்தியதரைக்கடலுக்குப் போகலாம். துருக்கியர், ஆர்மீனியர், அரபியர், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த யூதர் ஆகிய சமூகங்களில் ஒரு நோய் குடும்பங்களுக்குள் ஓடுகிறது. குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ தொடங்கும். காரணமில்லாமல் காய்ச்சல் அடிக்கும். அதனுடன் வயிறு பலகை போல இறுகி வலிக்கும், அல்லது நெஞ்சுக்கூட்டில் ஒரு பக்கம் குத்தும், அல்லது ஒரு முழங்கால் வீங்கும். ஒன்று முதல் மூன்று நாளில் எல்லாம் தானே அடங்கிவிடும். அடுத்த மாதமோ அடுத்த வாரமோ மீண்டும் வரும். குடல்வால் வெடித்துவிட்டது என்று எண்ணி வயிற்றைத் திறந்து பார்த்து வெறுங்கையோடு தைத்தனுப்பப்பட்ட நோயாளிகள் ஏராளம். நியூயார்க்கில் செப்பர்ட் சீகல் 1945இல் இதை ஒரு தனி நோயாக விவரித்தபோது அதன் பெயரில் 'தீங்கற்ற' என்ற அடைமொழியைச் சேர்த்தார். அது பிழை என்பது பிறகு தெரியவந்தது. காய்ச்சல் வந்து போன ஒவ்வொரு முறையும் இரத்தத்தில் பெருகிய ஓர் அழற்சிப் புரதம் சிறுநீரகத்தில் அமிலாய்டாகப் படிந்து, பலரை இளம் வயதிலேயே சிறுநீரகச் செயலிழப்புக்குத் தள்ளியது. குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சல் என்ற பெயர் 1950களில் இசுரேல் மருத்துவர்கள் வழியே நிலைபெற்றது.

1972 வரை இதற்கு மருந்து இல்லை. அந்த ஆண்டு பாஸ்டனில் ஸ்டீபன் கோல்டுஃபிங்கர் மருத்துவ இதழ் ஒன்றுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். நோயாளி ஒருவருக்குக் கீல்வாதத்துக்காகக் கோல்ச்சிசின் கொடுக்கப்பட, அவரது பழைய காய்ச்சலும் வராமல் நின்றது. அதே ஆண்டு துருக்கியில் எமிர் ஓஸ்கான் தனியாக இதே முடிவை எட்டியிருந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மூன்று கட்டுப்பாட்டு ஆய்வுகள் அதை உறுதிசெய்தன.

அமிலாய்டைத் தடுக்கிறதா என்பதே உயிர்க்கேள்வி. அதற்கு டெபோரா செமரும் அவருடைய குழுவினரும் 1986இல் விடை தந்தார்கள். அவர்கள் 1070 நோயாளிகளை 4 முதல் 11 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தவர்கள். தொடக்கத்தில் சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களில், மருந்தை ஒழுங்காக உண்டவர்களிடம் 11 ஆண்டு முடிவில் சிறுநீரில் புரதம் தோன்றிய விகிதம் 1.7 விழுக்காடு. சரியாக உண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டவர்களிடம் 9 ஆண்டில் 48.9 விழுக்காடு. மருத்துவ இலக்கியத்தில் இத்தனை வெளிப்படையான இடைவெளியை அடிக்கடி பார்க்க முடியாது. இந்த எண்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பு வழங்கும்போது இவற்றிடம் திரும்ப வேண்டியிருக்கும்.

கோல்ச்சிசின் ஏன் வேலை செய்கிறது என்பது இதற்குப் பிறகும் வெகுகாலம் தெரியாமலேயே இருந்தது. 1997இல் இரண்டு ஆய்வுக் கூட்டணிகள் ஒரே நேரத்தில் நோயின் மரபணுவை 16ஆம் குரோமோசோமில் கண்டுபிடித்தன. ஒரு கூட்டணி அது உருவாக்கும் புரதத்துக்கு நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பைரின் என்று பெயரிட்டது. பிரெஞ்சுக் கூட்டணி, மத்தியதரைக்கடலை 'நம் கடல்' என்று அழைத்த இலத்தீன் சொல்லிலிருந்து மாரெனாஸ்ட்ரின் என்றது. பைரின் என்பதே நிலைத்தது. எம்694வி போன்ற சில திரிபுகளை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கு நோய் கடுமையாக வருகிறது.

பைரின் ஒரு காவல்காரர். ஆனால் அது கிருமியை நேராகப் பார்ப்பதில்லை. உயிரணுவுக்குள் ரோஏ என்று ஒரு புரதம் ஓயாமல் இயங்கிக்கொண்டிருக்கிறது. பல பாக்டீரியாக்கள் தங்கள் நச்சால் முதலில் முடக்குவது அதைத்தான். ரோஏ முடங்கியதை உணர்ந்து பைரின் எச்சரிக்கை மணி அடிக்கிறது என்று 2014இல் சீனாவின் ஃபெங் ஷாவோ குழு காட்டியது. வழக்கமான நிலையில் ரோஏ ஒரு நொதியை இயக்கி, பைரினின் இரண்டு இடங்களில் பாஸ்பேட் முத்திரை குத்தச் செய்கிறது. அந்த முத்திரையைப் பற்றிக்கொண்டு இன்னொரு புரதம் பைரினை உட்கார வைத்திருக்கிறது. முத்திரை போனால் பைரின் எழுந்து, இன்டர்லியூக்கின்-1பீட்டா என்னும் அழற்சித் தூதைக் கட்டவிழ்க்கிறது. திரிபுற்ற பைரினில் இந்தப் பிடி தளர்ந்திருக்கிறது. சிறிய தூண்டலுக்கே மணி அடித்துவிடுகிறது. இந்தப் படம் 2016இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் டேனியல் காஸ்ட்னர் குழுவின் ஆய்வில் தெளிவானது. அந்த ஆய்வே கோல்ச்சிசினுக்கும் ஒரு விளக்கம் தந்தது. நுண்குழல்களில் கட்டுண்டு கிடக்கும் ஒரு புரதம், குழல் கலைந்ததும் விடுபட்டு ரோஏவை முடுக்குகிறது. ரோஏ முடுக்கம் பெற்றால் பைரின் அமர்கிறது. நுண்குழலைக் கலைக்கும் மருந்து காய்ச்சலைத் தடுப்பது இவ்வழியே.

இதே குழு 2020இல் இன்னொன்றையும் முன்வைத்தது. கொள்ளை நோய்க் கிருமி பைரினை அடக்க ஒரு புரதத்தை ஏவுகிறது. திரிபுற்ற பைரின் அந்த அடக்குமுறைக்கு எளிதில் பணிவதில்லை. கொள்ளை நோய் அடித்துச் சென்ற கரைகளில் இந்தத் திரிபைச் சுமந்தவர்கள் கூடுதலாகப் பிழைத்திருக்கலாம். சில சமூகங்களில் ஐந்து பேரில் ஒருவர் வரை ஒரு திரிபைச் சுமப்பது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இதுவரை வரவில்லை.

உறவு நிற்கும் இடமும் முறியும் இடமும்

தயோகோல்ச்சிகோசைடுக்கு வருவோம். தசையைத் தளர்த்தும் வேலையை அது நரம்பு மண்டலத்தில் செய்கிறது. கிளைசின், காபா ஆகிய நரம்புத் தூதுகளின் ஏற்பிகளில் அது ஒட்டுகிறது. காபா ஏற்பியை அது தடுக்கவும் செய்வதால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்குக் கூடாது என்று எச்சரிக்கிறார்கள். இந்த வேலைக்கும் நுண்குழலுக்கும் தொடர்பில்லை. சர்க்கரை ஒட்டிய முழு மூலக்கூறு டியூபுலினை ஒழுங்காகப் பற்றுவதுமில்லை. இதோடு நிறுத்தினால், தசைத்தளர்த்திக்கும் மத்தியதரைக்கடல் காய்ச்சலுக்கும் உள்ள உறவு பெயரளவு உறவு என்று முடித்துவிடலாம்.

ஆனால் வாய்வழி உண்ட மாத்திரை இரத்தத்தை எட்டும்போது அந்த மூலக்கூறு அதே உருவில் இருப்பதில்லை. குடலிலேயே சர்க்கரை வெட்டப்படுகிறது. இரத்தத்தில் காணப்படுபவை இரண்டு சிதைபொருள்கள். ஒன்றில், போன சர்க்கரையின் இடத்தில் உடல் தானே குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டிவிடுகிறது. தசையைத் தளர்த்துவது இதுதான். மற்றொன்று சர்க்கரையும் இல்லாமல் அமிலமும் இல்லாமல் வெற்றாக நிற்பது, 3-டிமீத்தைல்தயோகோல்ச்சிசின். தசைத் தளர்ச்சியைப் பொறுத்தவரை இது செயலற்றது. ஆனால் வடிவத்தில் கோல்ச்சிசினுக்கு இதைவிட நெருக்கமானதை எண்ணிப் பார்ப்பது கடினம். டியூபுலினைப் பற்றுவதும் இதுவே.

இங்கேதான் இந்தக் கேள்வியைப் பலரும் தவறாகக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தசைத்தளர்த்தி மருந்து அழற்சியை அடக்குமா என்று கேட்கும்போது, தசையைத் தளர்த்தும் குணமே அழற்சியையும் அடக்கும் என்ற எண்ணம் உள்ளே நுழைந்துவிடுகிறது. உண்மையில் அந்த மாத்திரைக்குள் ஏதாவது ஒன்று பைரினைத் தொடுமானால், அது தசைக்குப் பயன்படாத கழிவான இரண்டாம் சிதைபொருளாகவே இருக்க முடியும். மருந்தின் பயனும் நாம் தேடும் பயனும் இரு வேறு மூலக்கூறுகளில் இருக்கின்றன. தசைப்பிடிப்புக்கு வாங்கிய மாத்திரையால் காய்ச்சலும் குறைந்தது என்று ஒரு நோயாளி சொன்னால், அவர் சொல்வதை நம்பலாம். ஆனால் அதிலிருந்து தசைத்தளர்த்திகள் என்ற வகுப்புக்கே ஒரு முடிவைக் கட்டக் கூடாது.

கோல்ச்சிசின் பைரினை அடக்கும் வழியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் 2016இலேயே ஒரு சிக்கலை முன்வைத்தார்கள். ஆரோக்கியமானவரின் இரத்த அணுக்களில் நுண்குழலைக் கலைத்தால் பைரின் இயங்குவதில்லை. ஆனால் நோயாளியின் அணுக்களில் நுண்குழலைக் கலைத்த பிறகும் பைரின் இயங்குகிறது. அப்படியானால் நோயாளிக்குக் கோல்ச்சிசின் உதவுவது எதனால்? வெள்ளணுக்கள் இரத்தக்குழாயை விட்டுத் திசுவுக்குள் நுழைவதை அது தடுப்பதாலா? நியூட்ரோஃபில் அணுக்களில் மருந்தை வெளியேற்றும் பம்பு மிகக் குறைவு என்பதால் கோல்ச்சிசின் அங்கே குவிகிறது. இரத்த நீரில் மிகக் குறைவாக இருந்தாலும் அந்த அணுக்களுக்குள் அதிகமாக இருக்கிறது. என் பார்வையில் அதன் பயனில் பெரும்பங்கு இந்தக் குவிதலில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே, தயோகோல்ச்சிகோசைடு குறித்து ஒரு முடிவைச் சொல்ல விரும்பும் ஆய்வாளர் முதலில் அந்த வெற்றுச் சிதைபொருள் நியூட்ரோஃபிலில் குவிகிறதா என்று பார்க்க வேண்டும். குவிந்தால், மாத்திரை உண்டவரின் இரத்தத்தில் எட்டும் அளவிலேயே அது நுண்குழலைக் கலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடுவையில் நூறு மடங்கு ஊற்றிக் கிடைத்த முடிவு நோயாளிக்கு உதவாது. கடைசியாக, அதை நோயாளியின் அணுக்களிலேயே சோதிக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது: பைரினின் பாஸ்பேட் முத்திரையைத் தடுக்கும் ஒரு பொருளைச் சேர்த்தால், மத்தியதரைக்கடல் காய்ச்சல் உள்ளவரின் மோனோசைட்டுகள் வேறு தூண்டல் இல்லாமலே எரியத் தொடங்குவதை லியோன் ஆய்வாளர்கள் 2019இல் காட்டியுள்ளார்கள். அந்தத் தீயை இந்தச் சிதைபொருள் தணிக்கிறதா? விடை எதுவாயினும் அது கோல்ச்சிசினைப் பற்றியும் நமக்குக் கற்றுத்தரும். இந்த மூலக்கூறின் உண்மையான ஆய்வு மதிப்பு அங்கேதான் இருக்கிறது. புதிய மருந்து என்ற நம்பிக்கையில் இல்லை.

ஒரே குற்றம், இரு தீர்ப்பு

ஏன் அந்த நம்பிக்கையை வைக்கக் கூடாது? ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் தயோகோல்ச்சிகோசைடை மீளாய்வு செய்தது. அதே வெற்றுச் சிதைபொருள், மாத்திரையை உயர் அளவில் உண்டவரின் இரத்தத்தில் காணப்படும் செறிவுக்கு அருகிலேயே, பிளவுறும் உயிரணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கிறது என்று கண்டது. ஒரு மகவணுவுக்கு ஒரு குரோமோசோம் கூடுதல், மற்றொன்றுக்கு ஒன்று குறைவு. கருவில் இது நேர்ந்தால் ஊனமோ கருச்சிதைவோ. விந்தணுவில் நேர்ந்தால் ஆணின் கருவளக் குறைவு. உடல் அணுக்களில் நேர்ந்தால் நீண்ட காலத்தில் புற்றுநோய்க்கான வாய்ப்பு. முகமையின் பரிந்துரை கறாரானது: 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், கடும் தசைச் சுருக்கத்துக்கு மட்டும், வாய்வழியாக ஒரு வேளைக்கு 8 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை, 7 நாட்களுக்கு மேல் கூடாது. ஊசியாக என்றால் 5 நாட்கள். கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கருவுறும் வயதில் கருத்தடை முறையைக் கையாளாத பெண்களுக்கும் கூடவே கூடாது. நாள்பட்ட நோய்க்குக் கொடுப்பதை முகமை தடுத்துவிட்டது.

இப்போது மறுபக்கம். யூலார் என்னும் ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2016இல் மத்தியதரைக்கடல் காய்ச்சலுக்கான பரிந்துரைகளை வெளியிட்டது. கோல்ச்சிசினைக் கருத்தரிக்கும் காலத்திலும் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் நிறுத்தக் கூடாது என்கிறது அது. ஆண்களும் தந்தையாவதற்காக நிறுத்தத் தேவையில்லை. குழந்தைகளுக்கும் வயதுக்கேற்ற சிறு அளவில் தொடங்க வேண்டும். மருந்து ஆயுளுக்கும்.

நுண்குழலைக் கலைக்கும் குற்றம் இரு மூலக்கூறுக்கும் பொது. குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கும் கோல்ச்சிசினின் ஆற்றலைத்தானே தாவர வளர்ப்பாளர்கள் 1937 முதல் கருவியாக்கினார்கள்? ஒன்றுக்கு 7 நாள், இன்னொன்றுக்கு ஆயுள். இதில் முரண் இருப்பதாக எண்ணுபவர்கள் செமரின் எண்களைத் திரும்பப் பார்க்கட்டும். தராசின் ஒரு தட்டில் 48.9 விழுக்காடு இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பது சிறுநீரகம். கோல்ச்சிசினை உண்டபடியே கருவுற்ற ஏராளமான மத்தியதரைக்கடல் காய்ச்சல் நோயாளிகளின் மகப்பேறுகளை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். மருந்தை நிறுத்தியதால் கருவுக்கும் தாய்க்கும் வந்த கேடே பெரிதாகத் தெரிந்தது. இடுப்புப் பிடிப்பின் தட்டிலோ ஒரு வாரம் ஓய்வும் சுடுநீர் ஒத்தடமும் தீர்க்கக்கூடிய வலி இருக்கிறது. அதற்கு எதிராகக் கருவின் குரோமோசோமைப் பணயம் வைக்க எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை.

இந்த வாதத்திலிருந்து ஒரு முடிவு தானாகவே வருகிறது. தயோகோல்ச்சிகோசைடு மத்தியதரைக்கடல் காய்ச்சலை அடக்குகிறது என்று நாளையே ஓர் ஆய்வகம் நிறுவினாலும், அதை அந்த நோய்க்கு மருந்தாக்கக் கூடாது. அதே வேலையை, பல பத்தாண்டுகளாகக் கண்காணிக்கப்பட்ட, அளவு தெரிந்த கோல்ச்சிசின் செய்கிறது. கோல்ச்சிசின் பலன் தராத சிறுபான்மை நோயாளிகளுக்கு இன்டர்லியூக்கின்-1ஐத் தடுக்கும் கனகினுமாப் போன்ற மருந்துகள் கைவசம் உள்ளன. அவை விலை கூடுதல் என்பது உண்மை. விலையைக் குறைக்கப் போராடலாம்; குரோமோசோமைக் குலைக்கும் குறுக்கு வழியை நாடக் கூடாது.

நோயாளியின் முதுகு

ஏடுகளில் அதிகம் பேசப்படாத ஓர் இடம் உண்டு. நோயாளிக்கு அதுவே முக்கியம். பிரான்சு, இத்தாலி, கிரீசு, துருக்கி என்று தயோகோல்ச்சிகோசைடு தாராளமாக எழுதப்படும் நாடுகளில் பலவும் மத்தியதரைக்கடல் காய்ச்சலுள்ளவர்கள் வாழும் நாடுகளே. ஆகவே இரு மருந்துகளும் ஒரே நோயாளியின் உடலில் சந்திப்பது வெறும் கற்பனை அன்று.

எம்694வி திரிபுள்ள நோயாளிகளில் சிலருக்கு இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டில் அழற்சி வரும். காலையில் எழும்போது இடுப்பு மரக்கட்டையாக இறுகியிருக்கும். நடக்க நடக்கத் தளரும். இதைச் சாதாரணத் தசைப்பிடிப்பு என்று எண்ணித் தசைத்தளர்த்தி எழுதினால், நோயின் ஒரு முகத்தையே மூடிவைத்ததாகிறது. நீண்ட தூரம் நடந்த மாலையில் கெண்டைக்கால் கடுத்து வலிப்பதும் இந்த நோயின் குணம். காய்ச்சலோடு வாரக்கணக்கில் நீளும் கடும் தசைவலியும் உண்டு. அதற்குத் தேவை தசைத்தளர்த்தி அன்று, பெரும்பாலும் ஸ்டீராய்டு. இன்னொரு பக்கம், சிறுநீரகம் தளர்ந்தவரிடம் கோல்ச்சிசின் தேங்கி, அதுவே தசையைப் பலவீனப்படுத்தி வலிக்கச் செய்யும். இப்படித் தசைவலி என்ற ஒரே சொல்லுக்குள் நோய், நோயின் மருந்து, அன்றாடப் பிடிப்பு ஆகிய மூன்றும் ஒளிந்திருக்கின்றன. நான்காவதாகத் தயோகோல்ச்சிகோசைடையும் சேர்த்தால் ஒரே டியூபுலினின் மேல் இரண்டு கைகள் அழுத்துகின்றன. ஆயுளுக்கும் கோல்ச்சிசின் உண்பவருக்கு இந்தத் தசைத்தளர்த்தியைத் தவிர்ப்பதே சரி என்பது என் முடிவு.

இந்தியாவில் மத்தியதரைக்கடல் காய்ச்சல் அரிது. ஆனால் தயோகோல்ச்சிகோசைடு அரிதன்று. ஒரு பழைய சீட்டைக் காட்டி அதே அட்டையை மீண்டும் மீண்டும் வாங்கி, கழுத்து வலிக்கும்போதெல்லாம் விழுங்குவது நம் ஊர்ப் பழக்கம். அந்த மருந்துக்கான விதையை மூலனூரில் கையால் தொட்டுக் காய்க்க வைக்கும் பெண்ணின் இடுப்புவலிக்கும் அதே மாத்திரை எழுதப்படலாம். அவர் கருவுற்றிருக்கிறாரா என்று சீட்டு எழுதுபவர் கேட்டாக வேண்டும்.

எனவே மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். தயோகோல்ச்சிகோசைடு எழுதும் சீட்டில் நாள்கணக்கையும் எழுதுங்கள். 7 நாளைத் தாண்ட விடாதீர்கள். பெண்ணாக இருந்தால் கருவைப் பற்றிக் கேளுங்கள். கோல்ச்சிசின் உண்பவரா என்று எல்லாரிடமும் கேளுங்கள். அட்டையின் பின்புறத்தில் இந்த மூன்றையும் தமிழில் அச்சிட அரசு ஆணையிட வேண்டும்.